பட்டறை அனுபவத்துக்கும் பதவி வேண்டும்

ஐயா,

தொழிற்பயிற்சி தரும் சமுதாயக் கல்லூரிகளில் தொழில் அனுபவம் உள்ளவர்களை ஆசிரியர்களாக நியமிக்க வேண்டும் என்ற தங்கள் தலையங்கம் படித்தேன். நியமித்தால் மட்டும் போதாது, முடிவெடுக்கும் இடத்திலும் அவர்களை உட்கார வைக்க வேண்டும். சேலத்தில் என் தம்பி மகன் மோட்டார் பழுதுபார்ப்புப் படித்தபோது, மோட்டாருக்குக் காயில் (செம்புக் கம்பிச் சுருள்) கட்டும் கடையில் பல வருடம் வேலை பார்த்த ஒருவர்தான் பாடம் எடுத்தார். எரிந்துபோன மோட்டாரைத் திறந்து காட்டுவாராம். எல்லாக் காயிலும் ஒரே மாதிரி கருகியிருந்தால் பாரம் தாங்காமல் போயிருக்கிறது. சில மட்டும் கருகி மற்றவை பளிச்சென்று இருந்தால் மூன்று பேஸ் மின்சாரத்தில் (மூன்று கம்பிகளில் வரும் மின்சாரம்) ஒரு பேஸ் வராமலே ஓடியிருக்கிறது. இதைப் பையன் இன்றும் மறக்கவில்லை. ஆனால் பாடத்திட்டமோ, என்ன சாமான் வாங்குவது என்பதோ அவரிடம் யாரும் கேட்டதில்லை. பட்டம் இல்லையே! பயிற்சிக்குச் செம்புக் கம்பி கேட்டார், சுவரில் மாட்டும் படங்கள் வந்தன.

குறைந்தது 15 ஆண்டு அனுபவம் உள்ள துறை வல்லுநர்களைப் பட்டம் கட்டாயமின்றிப் பேராசிரியராக நியமிக்கப் பல்கலைக்கழக மானியக் குழுவே 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அப்புறம் சமுதாயக் கல்லூரிக்கு மட்டும் ஏன் தயக்கம்? தொழில் தெரிந்தவருக்கெல்லாம் நிர்வாகம் வந்துவிடாது, சரி. அதனால் ஓராண்டு துணை ஒருங்கிணைப்பாளராக வைத்து, வரவு செலவு, சேர்க்கை வேலைகளைப் பழக்கிவிட்டு, பிறகு துறைப் பொறுப்பைக் கொடுக்கலாம். பாடத்திட்டக் குழுவில் அவர்களுக்கு ஓர் இடத்தை இந்தக் கல்வியாண்டிலேயே ஒதுக்கலாம்.

- ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்