ஊசியை நிறுத்திவிடாதே, மகளே

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு, அம்மாவின் ஸ்தோத்திரம்.

நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. ஜெபக்கூட்டத்துத் தோழி ஒருத்தி, "இன்சுலின் போடுகிறவரைக்கும் உன் விசுவாசம் அரைகுறைதான்" என்றாளாமே. ஸ்மித் விக்கிள்ஸ்வொர்த் மருந்தையே தொடவில்லை என்று சாட்சிக்கும் இழுத்தாளாம். அவர் நோயாளிகள் சுகமாக ஜெபித்துவந்த இங்கிலாந்து ஊழியக்காரர், நான் மதிக்கிறவர். அவர் பெயரைச் சொல்லி என் பிள்ளையைப் பயமுறுத்தினால் எனக்குப் பொறுக்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ இருக்கிற லீட்ஸுக்குப் பக்கத்து மனுஷர் அவர். 1859-ல் மென்ஸ்டன் கிராமத்தில் ஏழை வீட்டில் பிறந்தார். ஆறு வயதில் வயலில் கிழங்கு பிடுங்கப் போனார், ஏழு வயதில் மில் வேலை. பள்ளிக்கூடம் போக வழியில்லை. வளர்ந்து பிராட்ஃபோர்டில் பிளம்பர் ஆனார். இரட்சணிய சேனையில் ஊழியம் செய்த பாலியைக் கட்டிக்கொண்டார். அவருக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்ததே பாலிதான். அப்புறமும் வேதாகமத்தைத் தவிர வேறு புத்தகம் அவர் கையில் எடுக்கவில்லை.

ரொம்ப வருஷம் பிரசங்கம் செய்தது பாலி. இவர் எழுந்து நின்றால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல வராது. 1907-ல் சண்டர்லாண்டில் அலெக்சாண்டர் பாடி என்கிற ஆங்கிலிக்கன் குருவானவர் நடத்திய கூட்டங்களுக்குப் போனார். அங்கே பாடியின் மனைவி கை வைத்து ஜெபித்தபோது பரிசுத்த ஆவியின் அபிஷேகம் பெற்றதாகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் பாலி, "சரி, ஞாயிற்றுக்கிழமை நீங்களே பிரசங்கம் பண்ணுங்கள், பார்க்கலாம்" என்று விட்டாள். அவர்கள் நடத்திய பவுலண்ட் தெரு மிஷனில் அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இவர் ஏசாயா 61-ஐ வாசித்துவிட்டுப் பேசப் பேச, அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அந்தப் பெஞ்சிலேயே இப்படியும் அப்படியுமாக நகர்ந்துகொண்டு, "இது என் ஸ்மித் இல்லையே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். எத்தனை தடவை நினைத்தாலும் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அதற்குப் பிறகு அமெரிக்கா, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரேலியா, இலங்கை வரை ஊழியம். 1921-ல் ஸ்வீடனில் நோயாளிகள்மேல் கை வைக்கக் கூடாது என்று அதிகாரிகள் தடுத்தார்கள். ஸ்டாக்ஹோமில் மேடையில் நின்று, "உங்களுக்கு எங்கே வலிக்கிறதோ அங்கே நீங்களே கை வையுங்கள்" என்று சொல்லி மொத்தக் கூட்டத்துக்கும் ஜெபித்தார். வயிற்று நோய்க்காரர்களை வயிற்றிலேயே குத்தியதும் உண்டு. அது எனக்கு ஒப்பவில்லை. செத்தவர்கள் எழுந்ததாகச் சொல்லும் சாட்சிகளையும் நான் கர்த்தரிடமே விட்டுவிடுகிறேன். ஆனால் அநேகர் சுகமானார்கள் என்று நம்புகிறேன்.

உன் தோழி சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அவருடைய மகள் ஆலிஸுக்குக் காது கேட்காது. அப்பாவோடு ஊர் ஊராகப் போய் ஊழியம் செய்த பிள்ளை அவள். எத்தனையோ பேருக்குக் கை வைத்த அப்பா, தன் மகளுக்காக ஜெபிக்காமலா இருந்திருப்பார்? பாலி 1913-லேயே போய்விட்டாள். எழுபது வயதுக்குமேல் அவருக்கே சிறுநீரகக் கல் வந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ரத்தப்போக்கோடு வருஷக்கணக்கில் அந்த வேதனையை அனுபவித்தார். அந்த நிலையிலும் மேடையேறிப் பிறருக்காக ஜெபித்தார். அது ஒரு முதியவர் தன் உடம்பைப் பற்றி எடுத்த முடிவு. அதை உன் உடம்பின்மேல் ஏற்ற யாருக்கும் அதிகாரம் இல்லை. உன்னுடையது டைப் 1 சர்க்கரை வியாதி, உடம்பு தானாக இன்சுலின் சுரக்காது. இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து.

பவுல் அப்போஸ்தலன் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தார். தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அவர்களில் யாரையும் அவர் அவிசுவாசி என்று சொன்னதில்லை.

இன்னொன்றும் யோசித்துப் பார். 1922-ல் நியூசிலாந்தின் வெலிங்டனில் விக்கிள்ஸ்வொர்த்தின் கூட்டங்களுக்கு ஜனம் திரண்டது. அதே வருஷம் ஜனவரியில் டொராண்டோவில், பிழைக்கமாட்டான் என்றிருந்த 14 வயதுப் பையனுக்கு முதல்முதலாக இன்சுலின் போட்டார்கள். அந்த நாள்வரை இந்த வியாதி வந்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் எத்தனை ஜெபம் பண்ணியிருப்பார்கள்! அந்த மருந்தை அவர்களுடைய ஜெபத்துக்குக் கிடைத்த பதிலாகத்தான் நான் பார்க்கிறேன்.

1947-ல் வேக்ஃபீல்டில், ஒரு அடக்க ஆராதனைக்குப் போன இடத்தில் விக்கிள்ஸ்வொர்த் திடீரென்று இறந்துபோனார். வயது 87. கடைசியாகப் பேசியது, தான் ஜெபித்த ஒரு பெண் எப்படி இருக்கிறாள் என்று அவளுடைய அப்பாவிடம் விசாரித்தது. எதிர்பார்த்த அளவுக்குச் சுகம் இல்லை என்ற பதில்தான் வந்ததாம். அதற்காக அந்தத் தகப்பனை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

தோழியிடம் சண்டை போடாதே. உனக்காக ஜெபிக்கட்டும், நீயும் ஆமென் சொல்லு, ஊசியையும் நேரத்துக்குப் போட்டுக்கொள். திரும்பவும் இந்தப் பேச்சை எடுத்தால் இந்தக் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டு. இங்கே நானும் அப்பாவும் உன் சுகத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறோம், அதை நிறுத்தப்போவதில்லை. ராத்திரி சர்க்கரை அளவை மறக்காமல் அப்பாவுக்கு அனுப்பு. நீ அனுப்பாவிட்டால் அவர் தூங்கமாட்டார்.

அன்புடன்,
அம்மா