எம்ஆர்2-க்கு எந்த அகலம்?

அன்புள்ள செந்தில்,

நாலு சக்கரத்துக்கும் ஒரே மாதிரி 8 இன்ச் அகல ரிம், 225 மி.மீ. அகல டயர் போடப்போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம்டா. நான் சொல்வதைக் கேட்டுவிட்டு அப்புறம் ஆர்டர் போடு.

உன் டொயோட்டா எம்ஆர்2 காரில் என்ஜின் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, எடையில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு பின் சக்கரங்கள் மேல்தான். டயரின் மேல் சுமை ஏற ஏறப் பிடிப்பும் ஏறும், ஆனால் அதே விகிதத்தில் ஏறாது. அதனால் நாலும் ஒரே டயர் என்றால் வளைவில் முதலில் வழுக்கப் பார்ப்பது பின்பக்கம். முன்பக்கம் வழுக்கினால் வண்டி கொஞ்சம் நேராகப் போகும், ஆக்சிலரேட்டரை விட்டால் பெரும்பாலும் மறுபடி சொன்னபடி திரும்பும். பின்பக்கம் வழுக்கும்போது ஆக்சிலரேட்டரை விடுவதுதான் வினை: சுமை முன்னால் சாய்ந்து, பின் டயர்கள் இன்னும் லேசாகி, கனமெல்லாம் நடுவில் இருக்கும் வண்டி என்பதால் சட்டென்று சுற்றிவிடும், ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்ப நேரம் கிடைப்பதே கஷ்டம்.

டொயோட்டா செய்ததைப் பார். உன்னுடைய இந்த இரண்டாம் தலைமுறை மாடல் முதலில் வந்தபோது முன்னால் 195/60, பின்னால் 205/60 (முதல் எண் டயரின் அகலம் மி.மீ.-இல், அடுத்தது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது), இரண்டும் 14 இன்ச் விட்ட ரிம்மில். வால் சட்டென்று வீசுகிறது என்ற பேச்சு கிளம்பியது. பிறகு சஸ்பென்ஷனைத் திருத்தி, 15 இன்ச்சுக்குப் போய், முன்னால் 195/55, பின்னால் 225/50 என்று வைத்தார்கள். முன் ரிம்மின் அகலம் 6 இன்ச், பின் ரிம் 7. முன் டயரின் அகலத்தை அவர்கள் தொடவே இல்லை, கவனித்தாயா? முன்னுக்கும் பின்னுக்கும் 10 மி.மீ. ஆக இருந்த வித்தியாசத்தை 30 ஆக்கினார்கள். அகலத்தைவிட அந்த வித்தியாசம்தான் முக்கியம் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

என்ஜினை இப்படி நடுவில் வைத்த மற்றவர்களும் அப்படித்தான். 1990-இல் வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸில் முன்னால் 205, பின்னால் 225. முதல் லோட்டஸ் எலிஸில் முன் ரிம் ஐந்தரை இன்ச்தான், 185 டயர். பின்னால் 7 இன்ச்சில் 205. அந்த ஒல்லியான முன் டயரை வைத்துக்கொண்டு ஸ்டீயரிங்கில் எவ்வளவு அழகாகப் பேசும் அந்த வண்டி!

ஆக்லாந்து மழையையும் மறக்காதே. பாரம் குறைந்த முன்பக்கத்தில் அகல டயர் போட்டால் தேங்கிய தண்ணீரில் மிதக்க ஆரம்பிக்கும்.

உன் குறையும் நியாயமானதுதான். கம்பெனி அளவில் முன்பக்கம் கொஞ்சம் மந்தம், வளைவுக்குள் நுழையத் தயங்கும். அதற்கு 30-ஐ 20 ஆக்கு, பூஜ்யமாக்காதே. 16 இன்ச்சில் முன்னால் 7 இன்ச் ரிம், 205/45; பின்னால் 8 இன்ச் ரிம், 225/45. என் வண்டியில் இதுதான் இருக்கிறது. டயரின் மொத்த உயரமும் பழைய அளவுக்கு மிகப் பக்கத்தில் வரும், முன்னால் 591 மி.மீ., பின்னால் 609. ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இருந்தால் இது அவசியம், முன்-பின் உயர விகிதம் ரொம்ப மாறினால் அது குழம்பும்.

அப்புறம் ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பொருந்தும் பரப்பு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது. ரிம் ஒரு இன்ச் அகலமானால், அதே ஆஃப்செட்டில் உள்ளே 12.7, வெளியே 12.7 மி.மீ. தள்ளும். முன்னால் வெளியே அதிகம் தள்ளினால் ஒவ்வொரு குழியும் ஸ்டீயரிங்கை உதைக்கும், வீல் பேரிங்குக்கும் பாரம் கூடும். ஃபெண்டரை மட்டும் பார்த்து வாங்காதே. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையில் உள்பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அள. டயர்களை முன்பின் மாற்றிப்போட முடியாதே என்று வருத்தப்பட்டிருந்தாய். இந்த வண்டியில் பின் டயர் சீக்கிரம் தேயும், தேய்ந்ததும் அந்த ஜோடியை மட்டும் மாற்று.

இங்கே கவென்ட்ரியில் எல்லோரும் நலம். மகள் படிக்க எடின்பரோ போய்விட்டாள், சனி ஞாயிறு வீடே வெறிச்சென்று இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, உன்னை விசாரித்தாள்.

உள்பக்க அளவை எடுத்து எனக்கு எழுது. ஆஃப்செட் எவ்வளவு என்று அதை வைத்துச் சேர்ந்து கணக்குப் போடுவோம், ரிம்முக்கு முன்பணம் அதற்குப் பிறகு கட்டினால் போதும்.

அன்புடன்,
முரளி