புரியலன்னா தலையாட்டாத தம்பி

தம்பிக்கு,

நேத்து ராத்திரி நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜை மூணு தடவை கேட்டேன். வெளிநாடு வந்து அஞ்சு வாரம் ஆச்சு, கையில இருக்கறது கரைஞ்சுக்கிட்டே போகுது, பாஷை வராத எனக்கு யாருண்ணா வேலை குடுப்பாங்கன்னு கேட்டிருந்த. குரலே உடைஞ்சு போயிருந்துச்சு. போன்ல பேசினா பாதி விட்டுப்போயிடும், அதான் எழுதறேன், உன்ன மாதிரி தவிக்கற இன்னும் நாலு பேரு படிச்சாலும் நல்லதுதான்.

எல்லா வேலைக்கும் ஒரே அளவு பாஷை வேணும்னு நீயா நினைச்சுக்கிட்டு இருக்க. கேஷ் கவுண்டர், சர்வர் வேலை, ரிசப்ஷன் இதெல்லாம் இப்போதைக்கு விட்டுடு, அங்க எதிர்ல வர்றவன் என்ன கேப்பான்னு உனக்குத் தெரியாது. வேர்ஹவுஸ்ல பேக்கிங், ஹோட்டல் ரூம் கிளீனிங், கிச்சன்ல பாத்திரம் கழுவறது, பழம் பறிக்கற சீசன் வேலை, இங்கெல்லாம் தினமும் அதே வார்த்தைதான் திரும்பத் திரும்ப வரும். ஒரு நோட்டுல ரெண்டு பக்கத்துக்குள்ள அடங்கிடும். நம்பர், மணி, கிழமை, இடது வலது, மேல கீழ, கனம், உடையும், நிறுத்து, ஜாக்கிரதை, வலிக்குது. முதல்ல இத மனப்பாடம் பண்ணு, பூனை பால் குடிக்குதுன்னு ஆப்ல சொல்லித்தர்றதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

அதுலயும் நம்பரும் மணியும்தான் ஆள கவுத்துடும். பிரான்ஸ்ல 90ன்னு சொல்ல நாலு இருபது பத்துன்னு சொல்லுவாங்க. ஜெர்மன்ல 21ன்னா ஒண்ணும் இருபதும். நான் ஜெர்மனில வேலைக்குப் போன மொத வாரம், சூப்பர்வைசர் நாளைக்கு "ஹால்ப் ஆக்ட்"டுக்கு வான்னாரு. ஹால்ப்னா அரை, ஆக்ட்னா எட்டு, ரெண்டு வார்த்தையும் எனக்குத் தெரியும், அதனால எட்டரைன்னு முடிவு பண்ணி தலையாட்டிட்டு வந்துட்டேன். அவங்க கணக்குல அது எட்டாவது மணி நேரத்துல பாதி, அதாவது ஏழரை. ஒரு மணி நேரம் லேட்டா போய் நின்னேன், என் இடத்துல வேற ஆள் இருந்தாரு, அதுக்கப்புறம் ரெண்டு வாரம் என்ன கூப்பிடவே இல்ல. பாஷை தெரியாததால அந்த வேலை போகல தம்பி, தெரிஞ்ச மாதிரி தலையாட்டினதாலதான் போச்சு.

அதனால இந்த மூணு வரிய அந்த ஊர் பாஷையில தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்றாப்ல வச்சுக்கோ: எனக்குப் புரியல, மெதுவா சொல்லுங்க. எழுதிக் காட்டுங்க. ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. அப்புறம் புரிஞ்சத திருப்பிச் சொல்லு, "ஏழரை, மூணாம் நம்பர் கேட், சரியா?"ன்னு. கோவிச்சுப்பாங்களோன்னு பயப்படாத. மொத நாள் நாலு தடவை கேக்கறவன வச்சுக்குவாங்க, தப்பா செஞ்சு மொத்தத்தையும் திரும்பப் பிரிக்க வைக்கறவனத்தான் அனுப்பிடுவாங்க.

கிளீனிங் வேலைன்னா இது உயிர் விஷயம். பிளீச்சையும் ஆசிட் இருக்கற டாய்லெட் கிளீனரையும் கலந்தா குளோரின் வாயு வரும், மூடின பாத்ரூம்ல அத சுவாசிச்சா நுரையீரல் போயிடும். பாட்டில்ல இருக்கற எழுத்து படிக்க வரலன்னாலும் சிவப்பு ஓரம் போட்ட சாய்சதுர படங்கள் இருக்குல்ல, அது பெரும்பாலான நாடுகள்ல ஒண்ணுதான். அரிச்சுப் போற கை, மண்டை ஓடு, நெருப்பு. சுவத்துல மஞ்சள் முக்கோணம்னா எச்சரிக்கை, நீல வட்டம்னா கட்டாயம் செய்யணும், சிவப்பு வட்டத்துல கோடுன்னா செய்யக்கூடாது, பச்சைன்னா வெளிய போற வழி இல்ல முதலுதவி. போறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாத்து வச்சுக்கோ.

வேலை தேடறதுக்கு போன் பண்ணாத, முகமும் கையும் தெரியாம பேசறதுதான் இருக்கறதுலயே கஷ்டம். நேர்ல போ, இல்லன்னா மெசேஜ் போடு. டெம்பரரி வேலைக்கு அவங்க முதல்ல பாக்கறது நீ எந்தெந்த நாள் ஃப்ரீ, எத்தனை மணிக்கு வர முடியும், எத்தனை மாசம் இருப்பங்கறதத்தான், அத சிவியோட தலையிலயே போடு. பாஷை லெவல் ஏ1, அதாவது ஆரம்ப நிலைன்னா ஏ1ன்னே போடு, நடுத்தர நிலையான பி1ன்னு போட்டு மாட்டிக்காத. சீசன் ஆரம்பிச்சப்புறம் போறத விட ஒரு மாசம் முன்னாடி போனாத்தான் இடம் இருக்கும்.

பேப்பர் விஷயத்துல நான் கண்டிப்பாத்தான் சொல்லுவேன். படிக்க முடியாத கான்ட்ராக்ட்ல அன்னைக்கே கையெழுத்து போடாத. போட்டோ எடுத்து மொழிபெயர்த்து, மணி நேரச் சம்பளம், ஓவர்டைம், தங்கற இடத்துக்கு எவ்வளவு பிடிப்பாங்கன்னு இந்த மூணையாவது பாரு. வேலை தேடறவங்ககிட்ட ஏஜென்சி கட்டணம் வாங்கக் கூடாதுன்னு ஐஎல்ஓங்கற சர்வதேச தொழிலாளர் அமைப்போட 181வது ஒப்பந்தம் 1997லயே சொல்லுது, சில விதிவிலக்கு உண்டு, எல்லா நாடும் அத ஏத்துக்கலங்கறதும் உண்மை, ஆனா முன்பணம் கட்டினாத்தான் வேலைன்னு எவனாவது சொன்னா எழுந்து வந்துடு. பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கறேன்னா அது அதவிட மோசம், கட்டாய உழைப்போட அடையாளங்கள்ல ஒண்ணா அதே ஐஎல்ஓ அதச் சொல்லுது. ஸ்டூடன்ட் விசாவா இருந்தா மணிக்கணக்க மீறாத, ஜப்பான்ல பர்மிஷன் வாங்கி வாரத்துக்கு 28 மணி நேரம், கனடாவுல படிப்பு நடக்கறப்போ கேம்பஸுக்கு வெளிய 24, ஜெர்மனில வருஷத்துக்கு 140 முழு நாள்னு ஊருக்கு ஊரு மாறும். "கையில காசு தர்றேன், யாருக்கும் தெரியாது"ன்னு சொல்றவன் நாளைக்கு காசு தரலன்னா நீ யார்கிட்டயும் போய் சொல்ல முடியாது, அது அவனுக்கும் தெரியும்.

முதல் கான்ட்ராக்ட் கையில வந்தா கையெழுத்துக்கு முன்னாடி எனக்கு போட்டோ அனுப்பு, எத்தனை மணியானாலும் பரவால்ல. நாளைக்கு எங்க போற, எத்தனை மணிக்குன்னும் அனுப்பு. மணிய நம்பர்ல போடு.

அண்ணன்