பச்சை குர்கா அண்ணாச்சிக்கு நன்றி

போன ஞாயிறு மதியம் திருச்செந்தூர்ப் பக்கம், தேரிக்காட்டை ஒட்டிய முந்திரித் தோப்புப் பாதையில் என் மஹிந்திரா தார் ஜீப் செம்மணலில் புதைந்து நின்றது. தப்பு என்னுடையதுதான். டயரில் காற்றைக் குறைக்காமல் இறங்கிவிட்டு, ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து அச்சு வரை குழி தோண்டியிருந்தேன்.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள், அதுவும் பச்சை ஃபோர்ஸ் குர்கா ஜீப்பில்! டெம்போ டிராவலர் வேன் செய்யும் அதே கம்பெனி வண்டி என்பதால், அதை ‘டெம்போவுக்குத் தம்பி’ என்று கிண்டலடிப்பதில் எங்கள் தார் கூட்டத்தில் நான்தான் முதல் ஆள்.

நீங்கள் எதுவும் கேட்கவில்லை. 32 psi-இல் இருந்த டயர் காற்றழுத்தத்தை 16-க்கு இறக்கினீர்கள். டயர் பரந்து உட்கார்ந்தது. சக்கரத்துக்கு முன்னால் இருந்த மணலைக் கையாலேயே வாரித் தள்ளினீர்கள். அப்புறம் கயிற்றைக் கட்டி, ஒரே இழுப்பு.

“தம்பி, உங்களுக்குப் பின்னாடி மட்டும்தான் டிஃப் லாக். எங்களுக்கு முன்னாடியும் உண்டு” என்று சிரித்தீர்கள். ஒரு அச்சின் இரண்டு சக்கரங்களையும் சேர்ந்தே சுழல வைக்கும் பூட்டைத்தான் சொன்னீர்கள். என்னால் வாய் திறக்க முடியவில்லை. திரும்பக் காற்றடித்ததும் உங்கள் கம்ப்ரசரில்தான். பேர் கேட்கக்கூடத் தோன்றவில்லை.

ரொம்ப நன்றி அண்ணாச்சி. கயிற்றில் கட்டுண்ட என் வண்டியைப் படம் எடுத்தீர்களே, தாராளமாக எல்லோருக்கும் காட்டுங்கள். அடுத்ததும் தார்தான் வாங்குவேன், அது வேறு விஷயம்.