ரிவ்யூவில் இன்னொரு கேள்வியும் கேளுங்கள், டாக்டர்

தமிழ்நாட்டின் மனநல மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே,

வணக்கம். நான் மதுரைக்காரி. எனக்கு பைபோலார் இருக்கிறது; மனம் சில காலம் அளவுமீறி ஏறியும் சில காலம் தாழ்ந்தும் போகும் நோய் அது. அதற்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன், லினோ என்ற மென்பலகையில் செதுக்கி அச்சுப் படம் எடுக்கிறேன். மூன்றும் சேர்ந்துதான் என் அன்றாடம். ஆனால் உங்கள் அறைக்குள் முதல் இரண்டைப் பற்றித்தான் பேச்சு நடக்கிறது. மூன்றாவதை நானாக எடுத்தாலும் பேச்சு நீள்வதில்லை. ஓபி சீட்டில் அதற்கு ஒரு வரி இடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். கவிதை எழுதுகிறவர், தவில் வாசிக்கிறவர், தையல் மெஷினில் பூ வேலை செய்கிறவர் என்று உங்கள் வராந்தாவில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும் பலரோடு பேசியிருக்கிறேன். அவர்களுக்காகவும் சேர்த்தே கேட்கிறேன்.

ரிவ்யூவில் நீங்கள் கேட்பவை எங்களுக்கு மனப்பாடம். தூக்கம் எப்படி, பசி எப்படி, மாத்திரை விடாமல் போடுகிறீர்களா, எரிச்சல் வருகிறதா, வேண்டாத எண்ணம் ஏதாவது உண்டா. இதில் எதையும் விட்டுவிடச் சொல்ல மாட்டேன். இந்தக் கேள்விகள் என்னை உயிரோடு வைத்திருக்கின்றன. உங்களுக்கு நேரம் இல்லை என்பதும் தெரியும். பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் முன்னின்று நடத்திய 2015-16ஆம் ஆண்டு தேசிய மனநல ஆய்வின்படி, இருநூறு பெரியவர்களில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது பைபோலார் வருகிறது. அந்தக் கணக்கை ஒரு மாவட்டத்துக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அங்கே இருக்கும் மனநல மருத்துவர்களை எண்ணினால், ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம் மிஞ்சும் என்பது யாருக்கும் புரியும். அதனால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கூடுதலாகக் கேட்கச் சொல்கிறேன்: "இப்போ என்ன செஞ்சுக்கிட்டிருக்கீங்க?" வேலைக்குப் போகிறீர்களா என்று நீங்கள் கேட்பது வேறு. கையும் மனமும் சேர்ந்து எதில் உட்காருகிறது என்று கேளுங்கள்.

எங்களுக்கு உற்சாகம் வந்தாலே சுற்றியிருப்பவர்களுக்குப் பயம் வந்துவிடுகிறது. கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால், "மாத்திரை போட்டியாம்மா?" புதிதாக ஒரு நோட்டு வாங்கினால், "திரும்ப ஆரம்பிச்சிருச்சா?" வீட்டாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மேனியா, அதாவது மனம் கட்டுமீறி ஏறிவிடும் நிலை, வந்த நாட்களில் நகை அடகுக்குப் போனதையும் நடு இரவில் தெருவில் தேடி அலைந்ததையும் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் மருத்துவமனையிலும் அதே பயம்தான் எங்களை எதிர்கொள்கிறது. லினோ செதுக்கக் கற்றுக்கொண்ட புதிதில், எந்நேரமும் அதே நினைப்பாக இருக்கிறது என்று ஒரு மருத்துவமனையில் சந்தோஷமாகச் சொன்னேன். எத்தனை மணிக்குத் தூங்குகிறாய், எவ்வளவு செலவு செய்தாய், எடுத்ததை முடித்தாயா என்று அந்த மருத்துவர் எதையும் கேட்கவில்லை. "கோல் டைரக்டட் ஆக்டிவிட்டி அதிகம்" என்று, ஒரே குறியாக வேலையில் இறங்குவதை மேனியாவின் அறிகுறியாக எழுதி, டோஸைக் கூட்டினார். அடுத்த பல வாரங்கள் கண்ணைத் திறந்து பலகையைப் பார்க்கவே முடியாமல் கிடந்தேன். அவர் பயந்ததில் நியாயம் உண்டு. கேட்காமல் பயந்ததுதான் எனக்கு வலித்தது.

மேனியாவின் வேகமும் ஒரு கலையின் மேல் வரும் ஆசையும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலத் தெரியலாம். உள்ளே இருந்து இரண்டையும் அறிந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். மேனியாவில் எனக்குப் பத்து யோசனை ஒன்றாக வரும், ஒன்றுகூட முடியாது. தூக்கம் வேண்டியிருக்காது. செய்வதெல்லாம் உலகம் காணாத அற்புதமாகத் தோன்றும். யாராவது நிறுத்தச் சொன்னால் கொலைவெறி வரும். லினோவின் மேல் உள்ள ஆசை இப்படி நடந்துகொள்வதில்லை. ஒரு பலகை, ஒரு படம். ஒன்பது மணிக்கு மூடி வைத்தால் காலை வரை காத்திருக்கிறது. காலையில் எடுத்துப் பார்க்கும்போது நேற்று வெட்டியது சுமாராகத்தான் தெரியும், இருந்தாலும் தொடரத் தோன்றும். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து போக முடிகிறதா என்பதுதான் நான் கண்டுகொண்ட அளவுகோல். இதை நீங்களும் கேட்டுப் பார்க்கலாம். அரை நிமிடம்கூட ஆகாது.

லினோ எப்படி என் கைக்கு வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மற்ற நோயாளிகளோடு பேசும்போது உங்களுக்குப் பயன்படும்.

முதலில் பேனாவும் இந்தியன் இங்க்கும் வைத்து வரைந்துகொண்டிருந்தேன். மெல்லிய கோடுகள். லித்தியம் ஆரம்பித்த பிறகு விரல்களில் நடுக்கம் வந்தது. காபி குடித்தால் கூடும், யாராவது பக்கத்தில் நின்று பார்த்தால் இன்னும் கூடும். பேனா காகிதத்தைத் தொடுவதற்கு முன்னாலேயே முனை ஆடிவிடும். வரைவதையே விட்டுவிட்டேன். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்த தோழி ஒருத்திதான் ஒரு துண்டு லினோவையும் இரண்டு கட்டர்களையும் கொண்டுவந்து கொடுத்தாள். கட்டரின் முனை லினோவுக்குள் இறங்கிவிட்டால் அது அங்கேயே ஊன்றிக்கொள்கிறது. விரல் ஆடினாலும் அந்தப் பள்ளம் முனையை விடாமல் பிடித்துக்கொள்கிறது. தோளிலிருந்து அழுத்தித் தள்ள வேண்டும், அதற்குப் பெரிய தசைகள்தான் வேலை செய்கின்றன. இன்னொரு கை பலகையைத் திருப்பிக் கொடுக்கிறது. நடுக்கம் முழுக்க மறைவதில்லை. கோட்டின் ஓரத்தில் சிறு அலையாகத் தங்குகிறது. அந்த அலை மரப்பட்டைக்கும் அம்மாவின் கைச் சுருக்கத்துக்கும் பொருந்திப் போவதைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை எந்தப் பரிசோதனை முடிவும் தந்ததில்லை.

இந்தக் கலைக்குள் பல விதமான வேலைகள் இருக்கின்றன. மனம் தாழ்ந்து கிடக்கும் வாரங்களில் புதிதாக யோசிக்க முடியாது. ஆனால் பின்னணியைச் சுரண்டி எடுக்கலாம். யோசனையே தேவைப்படாத வேலை அது. ஒரு விரல்கடை சுரண்டினால் அன்றைக்கு ஏதோ செய்தோம் என்றிருக்கும். மனம் சற்று மேலே போகும் நாட்களில் அந்தப் பொருளே என்னை நிறுத்துகிறது. வெட்டி எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது, அதனால் அவசரப்பட வழியில்லை. ஒரே பலகையில் ஒவ்வொரு நிறத்துக்கும் மேலும் மேலும் வெட்டிக்கொண்டு போகும் முறை ஒன்று உண்டு. அதில் முதல் நிறத்தின் எண்ணெய் மை காயாமல் இரண்டாவதை ஏற்ற முடியாது. ஈரப்பதமான நாளாக இருந்தால் இரண்டு மூன்று நாட்கள் சும்மா இருந்தே ஆக வேண்டும். சும்மா இருக்கச் சொல்லி மனிதர்கள் சொன்னால் கோபப்படும் எனக்கு, மை சொன்னால் கோபம் வருவதில்லை. ஒரே நேரத்துக்கு எழுந்து, சாப்பிட்டு, வேலை செய்து, தூங்கும் ஒழுங்கு பைபோலாருக்கு மருந்தோடு சேர்ந்து உதவும் என்பது நீங்கள் படித்ததுதான். எலன் ஃபிராங்க் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த ஒழுங்கை வைத்தே ஒரு சிகிச்சை முறையை உருவாக்கியிருக்கிறார். எனக்கு அந்த ஒழுங்கு அறிவுரையாக வந்தபோது பிடிபடவில்லை. காலையில் ஏற்ற வேண்டிய ஒரு நிறமாக வந்தபோது பிடிபட்டது.

இதைச் சொல்லும்போது, "பைபோலார் இருப்பதால்தான் உனக்குக் கலை வருகிறது" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். நல்ல மனதோடு சொல்வார்கள். எனக்கு அது ஆபத்தான பேச்சாகவே படுகிறது. அவர்கள் எடுத்துக்காட்டும் முதல் பெயர் ஓவியர் வான்கோ. அவருடைய பிறந்தநாளான மார்ச் 30தான் உலக பைபோலார் தினம். அவருக்கு இருந்தது பைபோலார்தானா என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல முடியாது. அவரைப் பார்த்த மருத்துவர்கள் வலிப்பு என்றார்கள். 1889 மே முதல் ஓராண்டு பிரான்சின் சான்-ரெமியில் மனநல விடுதியில் இருந்தபோது ஏறக்குறைய 150 ஓவியங்கள் வரைந்தார். ஆனால் நோய் தாக்கிய வாரங்களில் பெரும்பாலும் அவரால் வேலை செய்யவே முடியவில்லை. தெளிந்த இடைவெளிகளில் வரைந்தவைதான் நாம் பார்ப்பவை. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் 2011இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், பைபோலார் உள்ளவர்கள் படைப்புத் தொழில்களில் கூடுதலாக இருப்பது தெரிந்தது. நோயே இல்லாத அவர்களுடைய உடன்பிறந்தவர்களும் அப்படியே கூடுதலாக இருந்தார்கள். எனக்கு இதில் பெரிய ஆறுதல். என் அண்ணன் நாதஸ்வரத்தை ஆசையாக எடுத்தால் அதைத் திறமை என்கிறோம். என்னுடையதையும் அப்படியே சொல்லலாம்.

மாத்திரை கலையைக் கொன்றுவிடும் என்ற பேச்சும் உண்டு. இதற்கு உங்கள் துறையிலேயே பழைய பதில் ஒன்று இருக்கிறது. 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் லித்தியத்தின் பயனைக் கண்டார். அதை முறையாகச் சோதித்து நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் டென்மார்க்கின் மோகன்ஸ் ஸ்கௌ (Mogens Schou). அவர் 1979இல், லித்தியம் சாப்பிடும் 24 கலைஞர்களிடம் அவர்களுடைய படைப்பு வேலை என்ன ஆனது என்று கேட்டார். 12 பேர் கூடியது என்றார்கள். 6 பேர் மாற்றமில்லை என்றார்கள். 6 பேர் குறைந்தது என்றார்கள். சிறிய ஆய்வுதான். இருந்தாலும் பயந்து போய் வரும் ஓர் இளம் பாடகருக்கோ ஓவியருக்கோ இந்த மூன்று எண்களையும் மறைக்காமல் சொல்லுங்கள். குறைந்தது என்று சொன்ன ஆறு பேரை விட்டுவிடாதீர்கள். அப்படிப்பட்டவர் உங்கள் ஓபிக்கும் வருகிறார். தன் குரலோ கையோ போய்விட்டது என்று உங்களிடம் சொல்ல வாய்ப்பில்லாததால், வீட்டுக்குப் போய் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துகிறார். பிறகு எமர்ஜென்சியில் நீங்கள் அவரைப் பார்க்கிறீர்கள். "ஏன் நிறுத்தினாய்" என்று அங்கே கேட்பதைவிட, முந்தைய ரிவ்யூவில் "வாசிக்க முடிகிறதா" என்று கேட்டிருக்கலாம்.

கேட்டால் செய்வதற்கும் வழிகள் இருக்கின்றன. ரத்தத்தில் லித்தியம் எந்த அளவில் நிற்கிறது, அதைக் கொஞ்சம் இறக்கினாலும் பாதுகாப்பாக இருக்குமா என்று பார்க்கலாம். மாத்திரை போடும் நேரத்தை மாற்றலாம். நடுக்கத்தைக் குறைக்கும் புரோப்ரனலால் மாத்திரை பொருந்துமா என்று யோசிக்கலாம். எனக்கு இவற்றைச் செய்து கொடுத்தவர் இப்போதைய என் மருத்துவர். நான் கொண்டுபோன அச்சைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்து, "இந்த ஓரம் ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டதிலிருந்து அது தொடங்கியது. அதன் பிறகு எல்லா அச்சுக்கும் பின்னால் பென்சிலால் தேதி போடுகிறேன். சித்திரை வெயிலில் உடம்பில் நீர் வற்றினால் லித்தியம் அளவு ஏறிவிடும் என்பதை நீங்கள் எச்சரித்துச் சொல்வீர்கள். வழக்கமான மெல்லிய நடுக்கம் முரட்டு நடுக்கமாக மாறினால் அது ஆபத்தின் அறிகுறி. கைவேலை செய்கிறவருக்கு அந்த மாற்றம் சீக்கிரமே தெரிந்துவிடும். எங்கள் வேலையைப் பற்றிக் கேட்டால், உங்களுக்கும் அது ஒரு தகவல்.

உங்களில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரேசிலின் நீஸே டா சில்வெய்ரா. 1940களில் ரியோவின் எங்கென்யோ டி டென்ட்ரோ மனநல மருத்துவமனையில், மின்னதிர்ச்சியும் மூளை அறுவையும் செய்ய மறுத்ததால் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவுக்குப் போனார். அங்கே நோயாளிகளுக்குக் கூட்டுவதும் துடைப்பதும்தான் சிகிச்சையாக இருந்தது. அவர் 1946இல் வண்ணமும் களிமண்ணும் கொண்டுவந்து வைத்தார். 1952இல் நோயாளிகளின் படைப்புகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார். மின்னதிர்ச்சி பற்றிய அவருடைய நிலைப்பாட்டை நான் ஏற்கவில்லை. இன்றைக்கு மயக்க மருந்து கொடுத்துச் செய்யப்படும் இசிடி என்ற மின்னதிர்ச்சிச் சிகிச்சையால் மீண்டவர்களை நேரில் அறிவேன். ஆனால் துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டுத் தூரிகையைக் கொடுத்த அந்தக் கைக்கு என் வணக்கம்.

நம் ஊரில் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல நிலையங்களில் ஓய்வுக்கும் பொழுதுபோக்குக்கும் கல்விக்கும் நியாயமான வசதி இருக்க வேண்டும் என்று 20ஆவது பிரிவில் சொல்கிறது. 1794இல் தொடங்கிய வரலாறு கொண்ட கீழ்ப்பாக்கத்தில் தொழில்வழிச் சிகிச்சை புதிதும் அல்ல. ஆனால் எங்களில் பெரும்பாலோர் படுக்கையில் இருப்பவர்கள் அல்லர். மாதம் ஒருமுறை பஸ் ஏறி வந்து, மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் ரிவ்யூ நாட்களில், மருந்துக்குக் காத்திருக்கும் அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரு அறையைத் திறந்து விடுங்கள். பெரிய செலவு இல்லை. ஒரு நீள மேசை, ஜன்னல், கைகழுவும் குழாய். கட்டர்கள் கூர்மையானவை என்பதால் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கிப் பூட்டி வைக்க ஒரு அலமாரி. கூர்மையானதே வேண்டாம் என்று ஒருவரைப் பற்றி நீங்கள் நினைத்தால், அவர் மை உருட்டட்டும், கரண்டியின் முதுகால் காகிதத்தைத் தேய்த்து அச்சு எடுக்கட்டும். லினோவும் மையும் ரோலரும் நான் கொண்டுவருகிறேன், மதுரை மாவட்டத்துக்குள் எங்கே கூப்பிட்டாலும் வந்து கற்றுக்கொடுக்கிறேன். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு எனக்கு ரத்தப் பரிசோதனை.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து உங்கள் ஓபி நோயாளிகளில் ஒருத்தி, லினோ அச்சுக்காரி