ரெடிமேடாக வாங்கியிருக்கலாமே என்றாயே

கோயம்புத்தூர்
ஞாயிறு இரவு

கதிர் கண்ணு,

போன வாரம் போனில், "அந்த ஸ்டிர்லிங் இன்ஜின் ஆன்லைனில் ரெடிமேடாகவே கிடைக்குதும்மா, வாங்கி அனுப்பட்டுமா?" என்று கேட்டாய். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பால் இருந்தது நிஜம்தான். ஆனால் உன்னிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்றும் இருந்தது, வாய் வரவில்லை. அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. இன்ஜின் ஓடிவிட்டது! வியாழக்கிழமை ராத்திரி, ஆரம்பித்து ஏழு மாதம் கழித்து, நாற்பது விநாடி. அப்புறம் நின்றுவிட்டது. நேற்று இருபது நிமிடம் ஓடியது, நானாகத்தான் விளக்கை அணைத்தேன்.

நீ கம்ப்யூட்டர்காரன், மறந்திருப்பாய். ஒரு டப்பாவுக்குள் காற்றை அடைத்து அடியைச் சூடாக்கி, தலையைக் குளிர வைக்க வேண்டும். உள்ளே தளர்வாக ஓர் உருளை ஏறி இறங்கும், டிஸ்பிளேசர் என்பார்கள். அது மேலே போனால் காற்று அடிப்பக்கம் வந்து சூடாகி விரியும், பிஸ்டனைத் தள்ளும். கீழே வந்தால் காற்று தலைப்பக்கம் போய்க் குளிர்ந்து சுருங்கும், வெளிக்காற்று பிஸ்டனைத் திரும்பத் தள்ளிவிடும். டிஸ்பிளேசர் பிஸ்டனுக்குக் கால் சுற்று முன்னால் போக வேண்டும். வால்வு கிடையாது, வெடிப்பு கிடையாது, அதே காற்றுதான் கடைசிவரை.

வெப்பத்தில் அதிகபட்சம் எவ்வளவு வேலையாக மாறும் என்று சொல்லுமே, அந்தக் கார்னோ சுழற்சியை முப்பது வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு போர்டில் வரைந்திருக்கிறேன். "உராய்வு இல்லை என்று வைத்துக்கொள்வோம்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு மேலே போய்விடுவேன். அந்த ஒரு வரியோடுதான் இந்த ஏழு மாதமும் மல்லுக்கட்டினேன்.

கணக்கைப் பார். அடி 200 டிகிரி, தலை 50 டிகிரி என்றால் கார்னோ 32 சதவீதம் தருவார், தாராள மனசுக்காரர். நிஜத்தில் கையில் என்ன கிடைக்கும் என்பதற்கு பீல் எண் என்று ஒன்று இருக்கிறது. அழுத்தம், பிஸ்டன் ஒரு தடவை நகரும் கன அளவு, விநாடிக்கு எத்தனை சுற்று, மூன்றையும் (அழுத்தம் பாஸ்கலில், கன அளவு கன மீட்டரில்) பெருக்கி அதை 0.15 ஆல் பெருக்க வேண்டும். எனக்குச் சாதாரணக் காற்றழுத்தம், 5 மில்லி, விநாடிக்கு 5 சுற்று. முக்கால் வாட்டில் பாதி வருகிறது. அதுவும் நன்றாகச் சூடேறிய, கைதேர்ந்தவர்கள் கட்டிய இன்ஜினுக்கு. என்னுடையதற்கு அதில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிது. இவ்வளவு சொற்பத்தில் பேரிங்கில் இருக்கும் கிரீஸ்கூட ஒரு திருடன்தான். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவின பிறகுதான் சக்கரம் விட்டுக்கொடுத்தது. சக்கரம் வேறொன்றுமில்லை, உன் காலேஜ் சிடிகள் மூன்றை ஒட்டியது.

பிஸ்டனுக்கு உன் தாத்தாவின் கண்ணாடி சிரிஞ்சு. கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டராக இருந்தாரே, அந்தப் பெட்டியில் 10 மில்லி சிரிஞ்சு ஒன்று உடையாமல் கிடந்தது. முனையை விரலால் அடைத்துக்கொண்டு நிமிர்த்திப் பிடித்தால் தண்டு தன் பாரத்திலேயே மெதுவாக, மிக மெதுவாக இறங்குகிறது. அந்தப் பொருத்தத்தை இன்று எந்தப் பட்டறையில் கேட்டாலும் என் பென்ஷன் போதாது. நானோ அதிபுத்திசாலி மாதிரி அதில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். ஒரு மாதம் போச்சு. எண்ணெயின் பிசுக்கே பிஸ்டனைப் பிடித்து வைக்கும் என்று தோன்றவே இல்லை. ஸ்பிரிட்டில் கழுவி உலர்த்தினேன், வழுக்கிக்கொண்டு ஓடியது.

அதற்கு முன்னால் இன்னொரு கூத்து. முதல் டப்பாவின் அடியை ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தேன். ஈயமும் வெள்ளீயமும் கலந்த அந்தப் பற்று 183 டிகிரியில் உருகும். இதைப் பரீட்சையில் கேட்டவள் நான்! விளக்கேற்றிய நாலாவது நிமிடம் அடி கழன்று மேஜையில் விழுந்தது.

ஒரு ஆறுதல், இந்த நோய் ராபர்ட் ஸ்டிர்லிங்குக்கே இருந்தது. அவர் ஸ்காட்லாந்தில் பாதிரியார். 1816 செப்டம்பரில் சபைப் பொறுப்பேற்றார், அதே மாதம் இந்த இன்ஜினுக்குக் காப்புரிமையும் கேட்டார். 1818இல் ஒரு கல்குவாரியில் தண்ணீர் இறைக்க வைத்ததும், அவர் தம்பி ஜேம்ஸ் 1843இல் டண்டி வார்ப்படச் சாலையில் ஓட்டியதும் கடைசியில் சூடான அடிப்பாகம் தாங்காமல்தான் நின்றுபோயின. அந்தக் காலத்து இரும்பு அவ்வளவுதான்.

ஆனால் அவருடைய பெரிய யோசனை இன்ஜினே இல்லை என்பேன். காற்று சூட்டிலிருந்து குளிருக்குப் போகும் வழியில் உலோகத்தை வைத்து, போகும்போது வெப்பத்தை அதில் இறக்கிவிட்டு, வரும்போது திரும்ப எடுத்துக்கொள்ளச் செய்தாரே, அதுதான். என் டிஸ்பிளேசர் பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், சைக்கிள் போக்ஸ் கம்பியில் சுற்றியது. காற்று அதற்குள்ளேயே புகுந்து போய் வருகிறது. தகரத்தில் செய்தபோது இழுத்துக்கொண்டு நின்ற இன்ஜின் இதில் ஓடியது. 185 ரூபாய் கொடுத்து லேத்தில் கடைந்த பித்தளை புஷ்ஷைவிட மளிகைக் கடை நார் அதிகம் உழைத்திருக்கிறது.

லேத்காரர் ஓடுவதைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி எடுக்குமுங்களா டீச்சர்?" பம்புசெட்டு ஊர், வேறென்ன கேட்பார்கள்.

நெதர்லாந்தில் நீ இருக்கும் அதே ஐந்தோவனில்தான் பிலிப்ஸ்காரர்கள் 1930களின் பின்பாதியில் இதைத் தூசு தட்டி எடுத்தார்கள், தெரியுமா? கரண்ட் இல்லாத இடங்களில் ரேடியோ கேட்க. 1950களில் சுமார் 200 வாட் தரும் பெட்டி தயாரானபோது டிரான்சிஸ்டர் வந்துவிட்டது, ரேடியோவுக்கு பேட்டரியே போதும் என்றாகிவிட்டது. பாவம். ஆனால் அதையே மோட்டாரால் திருப்பி ஓட்டினால் குளிர்விக்கும். காற்றைத் திரவமாக்கும் அளவுக்குக் குளிர்வித்துக் காட்டினார்கள். அடுத்த முறை சைக்கிளில் அந்தப் பக்கம் போகும்போது அம்மாவை நினைத்துக்கொள்.

சரி, சொல்லாமல் விட்டது. ஈயம் உருகியபின் மூட்டே இல்லாத, அடியோடு ஒரே தகட்டில் இழுத்த பாத்திரம் தேவைப்பட்டது. அலுமினியம் வெப்பத்தை அடியிலிருந்து தலைக்கு ஓட்டிவிடும், ஆகாது. எவர்சில்வர் அப்படிக் கடத்தாது, மெல்லிசாகவும் இருக்கும். நேர்சுவராக, உயரமாக வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. உன் காதுகுத்துக்கு மாமா சீர் வைத்த மோர் டம்ளர்.

விளிம்பை அலுமினிய மூடியோடு இறுக்கி, சைக்கிள் ட்யூபில் பேக்கிங் வெட்டிப் போட்டிருக்கிறேன். அடி பழுப்பும் ஊதாவுமாக நிறம் மாறிவிட்டது, இனிமேல் தேய்த்தாலும் போகாது. பெயர் வெட்டியது விளிம்போரம் என்பதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. தலையைக் குளிர வைக்கச் சுற்றிய ஈரத்துணிக்குக் கீழே படிக்கும்படியே இருக்கிறது.

பொங்கலுக்கு வரும்போது மோர் குடிக்க வேறு டம்ளர் எடுத்து வைக்கிறேன். நீ வரும்போது தீ தாங்கும் கண்ணாடிக் குழாய் கிடைத்தால் ஒன்று வாங்கி வா, ஒரு பக்கம் மூடியது, 20 மில்லிமீட்டர் விட்டம்.

அம்மா