கோத்தகிரியில் இருக்கும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஸ்கூட்டரில் விழுந்த உன் பையனுக்கு முழங்கால் காயம் ஆறிவருகிறது என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். "கொஞ்சமாவது யோசிச்சானா கேளுங்க" என்று நீ பின்னால் கத்தியதும் கேட்டது. யோசித்திருக்கிறானம்மா.

ஞாயிற்றுக்கிழமை குன்னூர் வந்தவனை டீக்கடையில் உட்காரவைத்துப் பேசினேன். லைசென்ஸ் இல்லை, ஒரே ஸ்கூட்டரில் மூன்று பேர், மேட்டுப்பாளையம் வரை இறக்கம். எல்லாம் தெரிந்துதான் இருக்கிறது. "தனியா இருந்தா எடுத்திருக்க மாட்டேன் மாமா. ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டு நின்னாங்க" என்றான். சாக்கு என்று தள்ளிவிடாதே. கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2005இல் இதைச் சோதித்து எழுதினார்கள். கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு. கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தால் 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் கண்டபடி துணிகிறார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசமே இல்லை.

நம் ஜீப்பில் இறங்கும்போது வளைவுக்குள் போயா கியரை மாற்றுகிறோம்? வளைவுக்கு முன்பே மாற்றிவிடுகிறோம். அதுபோலக் கூட்டாளிகள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது யோசிக்க வராது, முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். அதனால் டீக்கடையிலேயே ஆரம்பித்தேன்.

"பிரேக் சூடாகிப் பிடிக்கலைன்னா?"

"விழுவோம்."

"அப்புறம்?"

"பின்னாடி இருக்கிறவனுக்கு அடிபடும்."

"அப்புறம்?"

டீ கிளாஸைத் திருப்பிக்கொண்டே இருந்தான். சின்னப் பிள்ளைகள் வண்டி ஓட்டிச் சிக்கினால் பெற்றோரைத் தண்டிக்க, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 199ஏ பிரிவைச் சொன்னேன். அப்பாவுக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 வருஷம் வரை ஜெயில்கூட வரலாம் என்றேன். அசையவில்லை. 25 வயது வரை உனக்கு லைசென்ஸ் கிடையாது என்றதும் விரல்விட்டு எண்ணினான். "ஒன்பது வருஷமா!" அப்பன் ஜெயிலுக்குப் போவதைவிட அதுதான் சுட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

அடுத்த முறை கூட்டாளிகளிடம் என்ன சொல்வாய் என்று கேட்டேன். "சாவி மாமாகிட்ட இருக்குன்னு சொல்லிடறேன்" என்றான். சரி, நான் வில்லனாக இருந்துவிட்டுப் போகிறேன்.

உன்மேலும் ஒரு குறை. பிளஸ் ஒன்னில் எந்த குரூப் என்பதைக்கூட நீதான் முடிவு செய்தாய். தானே முடிவெடுக்க அவன் எதில்தான் பழகுவான்? இந்தத் தடவை கேரட்டை எந்த நாள் பிடுங்கி மண்டிக்கு அனுப்புவது என்று அவன் சொல்லட்டும். விலை விழுந்தால் விழட்டும், நீ வாயைத் திறக்காதே.

ஸ்கூட்டரின் பின்சக்கர பிரேக் ஷூ தேய்ந்திருக்கிறதாம், மாப்பிள்ளையிடம் சொல். அந்த மாற்றுச் சாவியை மறக்காமல் எனக்குக் கொடுத்தனுப்பு. இல்லாவிட்டால் பையன் சொல்வது பொய்யாகிவிடும்.

அண்ணன்
குன்னூர்